மலை ஆய்வுக்குப் பணம் வரும் வழிகள்

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் உருவாகப் பணம் வந்ததற்குக் காரணம் ஒரு பஞ்சம். 1876-ல் தொடங்கிச் சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். மழை ஏன் பொய்க்கிறது, அதை முன்கூட்டியே அறிய வழி உண்டா என்ற கேள்விக்கு அரசாங்கம் விடை தேட வேண்டியதாயிற்று. சூரியப் புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அந்தக் காலத்து அறிஞர்கள் பலர் நம்பினார்கள். சென்னையில் அரசு வானியலாளராக இருந்த நார்மன் போக்சன், சூரியனையும் விண்மீன்களையும் படம் பிடிக்கத் தென்னிந்திய மலை ஒன்றில் 20 அங்குலத் தொலைநோக்கி வேண்டும் என்று 1882-ல் எழுதிக் கேட்டார். இயற்பியல் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அதற்காகப் பழனி மலையிலும் நீலகிரியிலும் இடம் பார்த்தார். 1893 ஜூலையில் கெல்வின் பிரபு தலைமையிலான குழு கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தது. 1895-ல் ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1901-ல் கண்காணிப்பு தொடங்கியது. கேட்டதற்கும் கருவி ஓடியதற்கும் நடுவே 19 ஆண்டுகள்.

அந்த ஆய்வகத்தால் பருவமழையை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. ஆனால் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடுவதை அங்கேதான் கண்டார். இன்றும் அது அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. 1904-ல் தொடங்கிய கால்சியம் ஒளிப் படங்கள் நூறாண்டைத் தாண்டிய தொடராகி, டிஜிட்டல் வடிவில் உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன.

அதே கொடைக்கானலில் இன்னொரு கதையும் உண்டு. 1960-களில் உலகத் தரநிலை நிலநடுக்கமானி வலையமைப்பின் ஒரு நிலையம் இங்கே இயங்கியது. அந்த வலையமைப்புக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. நிலத்தடியில் யாராவது அணுகுண்டு வெடித்தால் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. அந்த வலையமைப்பு சேர்த்த பதிவுகளைக் கொண்டு நிலநடுக்க மையங்களைத் துல்லியமாக வரைந்தபோது, கண்டத்தட்டுகளின் எல்லைகள் வரைபடத்தில் தெளிவாகத் துலங்கின.

நிதி தேடும் ஆய்வாளர் இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பணம் கொடுப்பவருக்கு ஒரு கவலை இருக்கிறது. ஆய்வாளருக்கு ஒரு கேள்வி இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரே கருவி, ஒரே களம், ஒரே தரவு இரண்டுக்கும் பயன்படுமா என்பதுதான் பார்க்க வேண்டியது. பயன்படும் என்றால் அதை முன்மொழிவின் முதல் பத்தியிலேயே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நிதி அறிவிப்பு வந்த பிறகு அதற்கேற்ற கேள்வியைத் தேடுபவர்களின் முன்மொழிவு நிபுணர் குழுவின் கண்ணில் எளிதில் சிக்கிவிடும்.

மலை எழுப்பும் கேள்விகள்

கொடைக்கானல் அமைந்துள்ள பழனி மலையில் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், உள்நாட்டில் இவ்வளவு தூரம் வந்தும் கொடைக்கானலில் மண்சரிவுகளை ஏற்படுத்திச் சாலைகளைத் துண்டித்தது. 2024 செப்டம்பரில் மேல்மலைக் கிராமமான கிளாவரைக்கு அருகே, காட்டுக்குள் நிலம் நீளமாகப் பிளந்திருந்தது செய்தியாயிற்று. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 2014-ல் தொடங்கிய தேசிய நிலச்சரிவு வரைபடத் திட்டம் 1:50,000 அளவில் ஆபத்தான சரிவுகளைக் காட்டுகிறது. எந்த அளவு மழை பெய்தால் எந்தச் சரிவு நழுவும் என்பதை அந்த வரைபடம் சொல்லாது. அதற்கு மலையில் மழைமானிகள் வேண்டும், பழைய சரிவுகளின் தேதிப் பட்டியல் வேண்டும். நீலகிரியில் இது நடந்திருக்கிறது. பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகம் தலைமையேற்ற லேண்ட்ஸ்லிப் திட்டம், பிரிட்டன் அரசு நிதியில் நீலகிரியையும் டார்ஜிலிங்கையும் மாதிரி மாவட்டங்களாக எடுத்துக்கொண்டு நிலச்சரிவு முன்னறிவிப்பை வளர்த்தது. பழனி மலைக்கும் அது வேண்டும் என்று கேட்க, அந்த முன்னுதாரணம் ஒன்றே பாதி வாதம்.

அடிப்படை ஆய்வில் நாட்டமுள்ளவர்களுக்கு மலையடிவாரத்தில் கெங்குவார்பட்டி இருக்கிறது. அங்குள்ள சஃபிரின் கனிமம் கொண்ட பாறைகள் 900 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில், பூமியின் ஆழத்தில் உருமாறியவை. மதுரைப் பாறைத் தொகுதி எப்படி உருவாயிற்று, ஒன்றுகூடிய பழங்கண்டங்கள் எங்கே தைக்கப்பட்டன என்ற கேள்விகளுக்காக ஜப்பானிய ஆய்வாளர்கள் உட்படப் பலர் இந்தப் பகுதிப் பாறைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். சோலைக்காடுகளுக்கு இடையே உள்ள சதுப்புகளில் படிந்த கரிமண்ணில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் மகரந்தமும் அதன் வழியே பழைய மழையின் கதையும் கிடைக்கின்றன.

பாதரசத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2001-ல் மூடப்பட்ட கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய பாதரசம் பற்றி, ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வுக்கூடத்தினர் கொடைக்கானல் ஏரியின் நீர், படிவு, மீன் ஆகியவற்றை எடுத்துச் சோதித்து 2006-ல் கட்டுரை வெளியிட்டார்கள். ஊர் மக்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அளவுகளுடன் பதில் சொன்ன ஆய்வு அது. மண்ணில் தங்கிய பாதரசம் மழைநீரோடு எங்கே போகிறது என்ற கேள்விக்கு இன்னும் பல ஆண்டு வேலை இருக்கிறது.

தூய எரிசக்திக்கு வருவோம். கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபிப் பழத்தை ஈரமுறையில் தோலுரிக்கும்போது வெளியேறும் கழிவுநீரில் கரிமப்பொருள் மிகுதி. அதிலிருந்து சாண எரிவாயுபோல வாயு எடுக்கலாம். குளிரில் அந்த நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடுவதுதான் ஆய்வுக்குரிய சிக்கல். மேல்மலையில் புல்வெளிகளை விழுங்கிய வாட்டில் மரம் இருக்கிறது. அயல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022-ல் வெளியிட்டது. அகற்றிய மரத்தை எரிவாயுவாக்குவதா, கரியாக்குவதா, அங்கேயே மக்கவிடுவதா என்பதற்கு, மலைச் சாலையில் லாரி வாடகையையும் சேர்த்துக் கணக்குப் போட்ட ஆய்வு வேண்டும். பூம்பாறை, மன்னவனூர் பகுதியில் மலைப்பூண்டு உலர்த்துவது, பனிமூட்டத்தில் சூரியத் தகடு எவ்வளவு மின்சாரம் தரும் என்பது, ஓடைகளில் சிறு நீர்மின் நிலையம் கோடையில் தாக்குப்பிடிக்குமா என்பது எல்லாமே இங்கே மட்டும் விடை காணக்கூடியவை. சமவெளிக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஓடுவது மலைக்கு எதையும் சொல்லாது.

எந்தக் கதவைத் தட்டுவது

முதலில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை. பழைய அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் (எஸ்.இ.ஆர்.பி.) இதற்குள் கரைந்துவிட்டது. 2023-ல் சட்டம் நிறைவேறி, 2024 பிப்ரவரி 5-ல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு 50,000 கோடி ரூபாய் என்று திட்டமிட்டார்கள். அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து திரட்ட வேண்டியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நிரந்தரப் பணியில் புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியர்களுக்குப் பிரதமர் இளம் ஆய்வாளர் மானியம் மூன்றாண்டுக்கு 60 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வயது வரம்பு 42. பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு. பணியில் சேர்ந்து ஆண்டுகள் ஓடிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். எனவே புதிதாகச் சேர்ந்தவர்கள் பாடவேளை அட்டவணை நிலைபெறும்வரை காத்திருக்கக் கூடாது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு ‘பேர்’ (PAIR) என்ற திட்டம் முக்கியமானது. முன்னணி நிறுவனம் ஒன்று மையமாக நிற்க, அதைச் சுற்றிச் சிறிய பல்கலைக்கழகங்கள் கிளைகளாக இணைந்து ஒரே முன்மொழிவு தருகின்றன. தனியாகக் கேட்டால் கிடைக்காத கருவியைக் கூட்டாகக் கேட்டுப் பெறலாம்.

புவி அறிவியலுக்குத் தனி வீடு, புவி அறிவியல் அமைச்சகம். 2024 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற பிருத்வி திட்டத்தின் மதிப்பு 4,797 கோடி ரூபாய். அதன் உட்பிரிவுகளில் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு வேண்டியது ரீச்அவுட். வளிமண்டலம், நில அதிர்வு, பழங்காலத் தட்பவெப்பம் பற்றிய முன்மொழிவுகளுக்கு இந்த அமைச்சகம் சரியான இடம். பாறை வயது அறிய டில்லியில் உள்ள தேசிய புவிக்காலக் கணிப்பு மையத்தையும், மேற்குத் தொடர்ச்சி மலையை நெடுங்காலமாக ஆய்ந்துவரும் திருவனந்தபுரம் தேசிய புவி அறிவியல் ஆய்வு மையத்தையும் இதே அமைச்சகம் ஆதரிக்கிறது. கருவி வாங்கப் பணம் கேட்பதைவிட, அங்கே கருவி நேரம் கேட்பது பல சமயம் புத்திசாலித்தனம்.

கனிமம் சார்ந்த ஆய்வென்றால் சுரங்க அமைச்சகத்தின் அறிவியல் தொழில்நுட்பத் திட்டம். சத்யபாமா இணையவாயில் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். 2025 ஜனவரியில் தேசிய முக்கியக் கனிமங்கள் இயக்கத்துக்கு 16,300 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் தரப்பட்டது. மின்கலத்துக்கும் காற்றாலைக் காந்தத்துக்கும் வேண்டிய கனிமங்கள் என்பதால் நிலவியலும் தூய எரிசக்தியும் கைகோக்கும் இடம் இதுதான். ஆனால் பழனி மலையின் சரணாலயப் பகுதியில் கனிமம் தேடப் போகிறோம் என்று யாரும் இதற்கு எழுதக் கூடாது. பழைய சுரங்கக் கழிவுகளிலிருந்தும் தூக்கியெறிந்த மின்கலங்களிலிருந்தும் உலோகத்தை மீட்பது போன்ற ஆய்வுகள் நியாயமானவை.

புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2021 முதல் 2026 வரையிலான ஆராய்ச்சித் திட்டத்துக்கு 228 கோடி ரூபாய் வைத்தது. அரசு நிறுவனங்களுக்கும் லாப நோக்கற்ற ஆய்வு நிறுவனங்களுக்கும் முழுச் செலவையும் தரலாம். தனியார் என்றால் ஒரு பகுதியைத் தாங்களே போட வேண்டும். 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் 19,744 கோடியில் ஆராய்ச்சிக்கு ஒதுக்கியது 400 கோடி. பெரிய தொகையைப் பார்த்து மயங்காமல், ஆய்வுக்கென்று பிரித்த பங்கு எவ்வளவு என்று தேடிப் படிக்கும் பழக்கம் வேண்டும். காற்று, சூரிய ஒளி அளவுகளுக்கு எதையும் புதிதாகத் தொடங்குமுன், பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனத்திடம் என்ன தரவு இருக்கிறது என்று கேட்டுவிட வேண்டும்.

பெண் ஆய்வாளர்களுக்கு அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் குடையின் கீழ் முனைவர் பட்டத்துக்கும் அதற்குப் பிந்தைய ஆய்வுக்கும் உதவித்தொகைகள் இருக்கின்றன. குடும்பக் காரணங்களால் வேலையை விட்டவர்கள் திரும்பி வர இது உண்மையான வழி. இதே துறையின் கியூரி திட்டம் மகளிர் பல்கலைக்கழகங்களில் ஆய்வுக்கூட வசதியைக் கட்டியெழுப்புவதற்காகவே வந்தது. 1984-ல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கொடைக்கானலிலேயே இருக்கிறது. மலையில் ஓர் அளவீட்டு நிலையத்தை ஆண்டு முழுவதும் பராமரிக்க இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது.

மாணவர்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியலுக்கென்று தனித்தாள் உண்டு. தேறினால் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய். மாநில அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். அரசுக் கல்லூரிகளில் ஆய்வு செய்வோருக்கு. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் மாணவர் திட்டங்களுக்குத் தரும் தொகை சிறியது. ஆனாலும் வாங்கி, ஒழுங்காக முடித்து, அறிக்கை தந்தவர்களுக்கு அடுத்த விண்ணப்பத்தில் காட்ட ஒரு சான்று இருக்கும். சின்னதை ஒதுக்குபவர்கள் பெரியதையும் தாமதமாகத்தான் பெறுகிறார்கள்.

ஒரு பட்ஜெட் பக்கம்

அடுக்கம் சாலை முதல் மேல்மலை வரை ஐந்து இடங்களில் மழைமானியும் மண் ஈரமானியும் வைத்து, மழைக்கும் மண்சரிவுக்கும் உள்ள தொடர்பை மூன்றாண்டு கவனிக்கும் திட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

ஆய்வு மாணவர் ஒருவர். முதல் இரண்டு ஆண்டு 37,000 வீதம் 8,88,000 ரூபாய். மூன்றாம் ஆண்டு முதுநிலையாகி 42,000 வீதம் 5,04,000. மொத்தம் 13,92,000. வீட்டு வாடகைப்படி தனி. பலர் மூன்று ஆண்டுக்கும் இளநிலைத் தொகையையே போட்டுவிட்டு மூன்றாம் ஆண்டில் திண்டாடுகிறார்கள்.

கருவிப் பட்டியலில் மழைமானியின் விலையை எல்லோரும் எழுதுகிறார்கள். அதைச் சுற்றிய வேலியை எழுதுவதில்லை. காட்டுமாடு உரசினால் கம்பம் சாயும். குரங்கு கேபிளை இழுக்கும். மலைமுகட்டில் இடி இறங்கும். கம்பிவேலி, இடிதாங்கி, உதிரி உணர்விகள் மூன்றுக்கும் தனி வரி வேண்டும். நவம்பரில் நாள்கணக்கில் மூட்டம் கவிந்திருக்கும்போது சின்னச் சூரியத் தகடு மின்கலத்தை நிரப்பாது. சமவெளிக்குப் போதுமான மின்கலத்தைவிடப் பெரியது தேவை என்பதை ஒரு வாக்கியத்தில் நியாயப்படுத்திவிட்டால் நிபுணர் குழு வெட்டாது. மேல்மலையில் செல்போன் சிக்னல் எங்கே நிற்கும், எங்கே போகும் என்று முன்பே நடந்து பார்த்துவிட வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் தரவு கருவிக்குள்ளேயே சேர வேண்டும். அதை எடுத்து வர மாதம் ஒருமுறை ஆள் போக வேண்டும்.

அந்த ஆள் யார்? வத்தலக்குண்டிலிருந்தோ மதுரையிலிருந்தோ மாணவர் ஏறி வருவதைவிட, கிராமத்தில் ஒருவருக்குப் பயிற்சி தந்து மாதக்கூலி கொடுப்பது மலிவு. மழை கொட்டும் இரவில் கருவி நின்றுபோனால் தெரிந்து சொல்லவும் அவரால்தான் முடியும். களப்பணியாளர் கூலி என்று வெளிப்படையாக ஒரு வரி எழுதுவது முறை. சில்லறைச் செலவில் ஒளித்து வைத்தால் தணிக்கையில் கேள்வி வரும், அந்த மனிதருக்குக் கூலியும் தாமதமாகும். பயணச் செலவில் ஜீப் வாடகையை மலை விலையில் போட வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அது மாதங்களின் கணக்கு. இந்த மலைக்கு வடகிழக்குப் பருவமழை முக்கியம். செப்டம்பருக்குள் கருவியை நிறுவாவிட்டால் ஓராண்டுத் தரவு போய்விடும். முன்மொழிவு அனுப்பியதிலிருந்து பணம் வர ஓராண்டுகூட ஆகலாம். பணம் ஜனவரியில் வந்தால் மார்ச் 31-க்குள் செலவுக் கணக்கு காட்டச் சொல்வார்கள். ஆகவே கருவியின் தொழில்நுட்ப விவரக் குறிப்பு, இடத்தின் ஒப்புதல் கடிதம், கொள்முதல் குழுவின் பெயர்ப்பட்டியல் மூன்றையும் பணம் வருமுன்பே தயாராக வைத்திருப்பவர்களால்தான் முதல் மழையைப் பிடிக்க முடியும்.

ஏற்கெனவே உள்ள தரவு ஏன் போதாது என்ற கேள்வி தவறாமல் வரும். இந்திய வானிலைத் துறையின் புனே அலுவலகத்திலிருந்து பெற்ற கொடைக்கானல் மழைப்பதிவு, நிலவியல் துறையின் புகோஷ் வரைபடங்கள், தேசியத் தொலையுணர்வு மையம் 2023-ல் வெளியிட்ட நிலச்சரிவு அட்லஸ் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, அவை விட்டுவைத்த இடைவெளியை ஒரே பத்தியில் காட்டுவது நல்ல பதில்.

அனுமதி இல்லாத பணம்

பழனி மலைக்குத் தென்மேற்கே, தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் நடந்தது இந்தப் பகுதியில் வேலை செய்யும் ஒவ்வொரு ஆய்வாளரும் படிக்க வேண்டிய பாடம். போடி மேற்கு மலையின் உறுதியான சார்னோகைட் பாறையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க, சுமார் 1,500 கோடி ரூபாய் மதிப்பில் மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. பணம் இருந்தது, சிறந்த விஞ்ஞானிகள் இருந்தார்கள், பாறையும் பொருத்தம். வெடிவைப்பு, நீர், காடு பற்றிய மக்களின் அச்சம் எதிர்ப்பாயிற்று, வழக்குகள் வந்தன, அனுமதி தர மாட்டோம் என்று 2022-ல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. சுரங்கம் தோண்டப்படவில்லை. ஊரோடு பேசுவதைத் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தமிழகத்தில் இல்லை.

சின்ன ஆய்வுக்கும் இதே விதிதான். 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் சுமார் 609 சதுர கிலோமீட்டர். அதற்குள் ஆய்வுக்காக நுழைய, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். ஒரு கைப்பிடிக் கரிமண் எடுப்பதற்கும் சேர்த்தே கேட்டுவிடுவது நல்லது. நுழைவு அனுமதியை மட்டும் வாங்கிவிட்டு மாதிரி எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். மாதிரி எத்தனை, எடை எவ்வளவு, குழியை எப்படி மூடப்போகிறோம் என்று எழுதினால் கோப்பு வேகமாக நகரும். உயிரியல் பொருள் ஏதாவது வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போகிறதென்றால் சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தைக் கேட்க வேண்டும். பளியர் குடியிருப்புகளுக்கு அருகே வேலை என்றால், அவர்களுடைய கிராம சபையில் முதலில் போய் உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கென ஒரு படிவம் இல்லாததால் பலர் அதைச் செய்வதில்லை.

கல்லூரியின் பெயர்ப்பலகை இல்லாத தனி ஆய்வாளருக்கு அரசு நிதி ஏறக்குறைய இல்லை. தொகை நிறுவனத்தின் கணக்குக்குத்தான் வரும். மலைக்கு அருகில் நிலவியலும் ஊரக எரிசக்தியும் கற்பிக்கும் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும், மன்னவனூரில் மத்திய செம்மறி ஆராய்ச்சி மையமும் உண்டு. இவற்றில் ஒன்று இணை நிறுவனமாக நின்றால் கருவி வைக்கக் காவலுள்ள இடம் கிடைக்கும். அது சில லட்ச ரூபாய்க்குச் சமம்.

கடல்கடந்த நிதி

ஃபுல்பிரைட்–கலாம் தட்பவெப்ப உதவித்தொகை, ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை தரும் தட்பவெப்பப் பாதுகாப்பு உதவித்தொகை, 1987-ல் தொடங்கிய இந்திய–பிரெஞ்சு ஆய்வு மையம், இந்திய–ஜெர்மன் அறிவியல் தொழில்நுட்ப மையம் ஆகியவை நன்கு அறியப்பட்டவை. அதிகம் பேசப்படாத ஒன்று, ஆய்வுப் புவி இயற்பியலாளர் சங்கம் நடத்தும் எல்லைகளற்ற புவி அறிவியலாளர்கள் திட்டம். 2004 சுனாமியின் அதிர்ச்சியிலிருந்து பிறந்த சிந்தனை அது. நிலத்தடி நீர், நிலச்சரிவு போன்ற மக்கள் பிரச்சினைகளுக்குப் புவி இயற்பியலைப் பயன்படுத்துவோருக்கு நிதி தருகிறது. கோடையில் குடிநீருக்கு அலையும் மலைக்கிராமங்களின் ஊற்றுகளை ஆராய இதைவிடப் பொருத்தமான நிதி கிடைப்பது அரிது.

தனிநபர் உதவித்தொகை வேறு, நிறுவனத்துக்கு வரும் மானியம் வேறு. மானியம் என்றால் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் நிறுவனம் பதிவு பெற்றிருக்கிறதா, அல்லது விலக்கு பெற்றதா என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற நிறுவனம் அந்தப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மலையில் உள்ள சிறு தன்னார்வ அமைப்பைக் கிளையாக வைத்துத் திட்டம் போட்ட பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

பணம் வந்த பிறகு

இரண்டாம் ஆண்டுத் தவணை வர, முதல் ஆண்டின் செலவு அறிக்கையும் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றும் போக வேண்டும். யு.சி. என்று அலுவலகங்களில் புழங்கும் அந்த ஒற்றைத் தாள் தாமதமானதால் ஆய்வு மாணவர்கள் மாதக்கணக்கில் உதவித்தொகை இல்லாமல் இருந்திருக்கிறார்கள். மானியத் தொகைக்கு வங்கி தந்த வட்டி அரசுக்குச் சொந்தம். திருப்பிச் செலுத்தி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். மாதக் கடைசி வேலைநாளில் கணக்குப் பிரிவுக்குப் போய்த் தலைப்புவாரியாக மீதியைச் சரிபார்க்கும் ஆய்வாளருக்கு மார்ச் மாதம் அச்சம் தராது. கருவி வாங்குவது அரசு மின்சந்தை வழியாக. அங்கே இல்லாததை மட்டும் வெளியில் வாங்க, இல்லை என்பதற்கான சான்றை எடுத்து வைக்க வேண்டும்.

தரவைப் பொறுத்தவரை எவர்ஷெட் காலத்து நடைமுறையே இன்றும் சிறந்தது: தேதி, நேரம், கருவி, வானிலைக் குறிப்பு எல்லாம் ஒவ்வொரு பதிவோடும். அப்படி எழுதி வைத்ததால்தான் நூறாண்டுக்கு முந்தைய கண்ணாடித் தகடுகள் இன்று கணினியில் ஏறிப் பயன்படுகின்றன. மூன்றாண்டு முடிந்ததும் மழைமானியைக் கழற்றிக்கொண்டு போகும் திட்டங்களால் மலைக்கு எந்த நன்மையும் இல்லை. நான்காம் ஆண்டில் கருவியை யார் பார்த்துக்கொள்வார்கள், தரவை எங்கே வைப்பார்கள் என்பதை முன்மொழிவிலேயே எழுதி, அந்த நிறுவனத்தின் சம்மதக் கடிதத்தையும் இணைத்துவிட வேண்டும்.

திட்டங்களின் பெயரும் தொகையும் தேதியும் மாறிக்கொண்டே இருக்கும். விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்தத் துறையின் அறிவிப்பைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்குக் காத்திருக்காமல் இந்த வாரமே செய்யக்கூடியவை இரண்டு: இணை நிறுவனத்தின் ஒப்புதல் கடிதத்துக்கு ஆள் பார்ப்பது, வனத்துறைக்கு அனுமதி விண்ணப்பம் போடுவது.